வெயில் ஏறினால் முள்ளும் ஏற வேண்டும்

அவரிடம் "ஆயிடுச்சா?" என்று கேட்டு அன்றைக்கே பதில் வாங்கியவர் எவரும் இல்லை. நான் ஏழெட்டு வருஷம் கேட்டுப் பார்த்தவன். "நாளைக்குச் சொல்றேனுங்க" என்பார். அதட்டிக் கேட்டாலும் அதே பதில், கெஞ்சிக் கேட்டாலும் அதே பதில். வேலையெல்லாம் முடிந்து, சாமான்களைப் பைக்குள் போட்டு, கையைக் கழுவித் துடைத்த பிறகும் அதையேதான் சொல்வார். எனக்கு வந்த ரத்தக் கொதிப்பில் பாதி அவர் கொடுத்தது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அப்போது நான் சேலத்தில் ஒரு எலெக்ட்ரிக் சாமான் கடையில் மேனேஜர். மோட்டாரும் பம்ப்செட்டும் மின்விசிறியும் விற்றுக்கொண்டிருந்த கடையில், ஐம்பதுகளின் கடைசியில் குளிர்ப்பெட்டிகளும் வந்து சேர்ந்தன. பெரிய வீடுகளில் அறையைக் குளிர வைக்கும் மெஷின் கேட்கவும் ஆரம்பித்தார்கள். விற்றுவிடலாம், பூட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆள் வேண்டுமே. ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார் என்று யாரோ அனுப்பி வைத்தார்கள்.

ஒல்லியான ஆள். நாற்பத்தைந்து வயதிருக்கும். காக்கிச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. உட்காரச் சொன்னால், நாற்காலியை ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஐஸ் பேக்டரியில எத்தனை வருஷம்?"

"பன்னண்டு வருசமுங்க."

"அப்ப வேலை நல்லாத் தெரியும்."

"அதை நீங்க ஒரு மாசம் பாத்துட்டுத்தான் சொல்லணுங்க. நானே எப்படிச் சொல்றது?"

திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன். திமிர் இல்லை என்று தெரிய எனக்கு அந்த ஒரு மாசம் பிடித்தது. கடையில் எல்லாரும் அவரை மேஸ்திரி என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயர் எதற்கு இப்போது? அவருக்கும் தன் பெயரை எங்கேயும் எழுதி வைப்பதில் பிரியம் கிடையாது.

அந்த மெஷின்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். செப்புக் குழாய்களுக்குள் ஒரு வாயுவை அடைத்துச் சுற்றி வரச் செய்வார்கள். அது அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டும். அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் அந்தக் காலத்துப் பழைய மெஷின்களில் மெத்தில் என்று ஒரு வாயு இருந்தது. லேசாக இனிப்பு வாடை அடிக்கும். அதுவும் பழக்கப்பட்ட மூக்குக்குத்தான் தெரியும். மூடிய அறையில் கசிந்தால் படுத்திருப்பவருக்குத் தலை சுற்றும், தூக்கம் தூக்கமாக வரும், பிறகு எழுந்திருக்கவே மாட்டார்.

அதனால் வாயு ஏற்றுவதற்கு முன்னால் மேஸ்திரி ஒரு சோதனை வைப்பார். சோடா கம்பெனியில் இருந்து ஒரு சிலிண்டரை வாங்கி வந்து, அந்த சோடாக் காற்றைக் குழாய்களுக்குள் ஏற்றி, எல்லா வழியையும் மூடிவிடுவார். அழுத்தம் காட்டும் கேஜின் கண்ணாடி மேல், முள் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். மணி பார்த்துக் குறித்துக்கொள்வார். மறுநாள் அதே மணிக்கு வந்து முள்ளைப் பார்ப்பார். கோட்டில் நின்றால் சரி. இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கப் பூந்திக்கொட்டை. ஊற வைத்துக் கசக்கி, நுரை எடுத்து, சவரம் செய்யும் பிரஷ்ஷால் ஒவ்வொரு நட்டின் மேலும் தடவுவார். கசிவு இருந்தால் நுரையில் குமிழி கிளம்பும். தடவுவதற்கு முன்னால் நட்டை ஒரு வெள்ளைத் துணியால் பளிச்சென்று துடைப்பார். தூசி, எண்ணெய், பெயிண்ட் எதுவும் இருக்கக் கூடாது. கடைப் பையன்கள் "மேஸ்திரி இன்னிக்கு எந்த மெசினுக்குச் சவரம்?" என்று கேலி செய்வார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், முகம் சுளிக்கவும் மாட்டார். பிரஷ்ஷைக் கழுவி வெயிலில் வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போவார். பூசை முடிந்து நேராக வீட்டுக்குப் போனார் என்று நான் கேள்விப்பட்டதில்லை. எங்காவது ஒரு கேஜ் அவருக்காகக் காத்திருக்கும்.

ஓமலூரில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் நடந்தது நினைவிருக்கிறது. அன்றைக்குச் சோடாக் கம்பெனிச் சிலிண்டர் வரத் தாமதமாகிவிட்டது. கடைக்காரர் பறந்தார். பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் நல்ல மனசோடு ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, "இதுவும் காத்துதானே மேஸ்திரி, இதை ஏத்திப் பாருங்க" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மேஸ்திரி சிலிண்டரைத் திறக்கும் சாவியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உள்ள ஆயில் இருக்குதுங்க. ஆயில்ல ஆக்ஸிஜன் அழுத்தமாப் பட்டா நெருப்பே வேண்டாம், தானா வெடிக்கும். அப்புறம் நானுமில்லை, நீங்களுமில்லை, இந்தத் தெருவுமில்லை."

"ஒரு தடவைதானே" என்றார் கடைக்காரர்.

"ஒரு தடவை போதுமுங்க."

சோடாச் சிலிண்டர் மாலையில்தான் வந்தது. அதுவரை அந்தச் சாவியைத் திருப்பித் தரவில்லை. பட்டறைக்காரர் அன்று முழுக்க வேலை இல்லாமல் அவரைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நானும் மனசுக்குள் திட்டினேன்.

வீட்டிலும் இதே கதைதான். மூத்த மகளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை தறிப்பட்டறையில் மேற்பார்வை, குமாரபாளையத்துப் பையன். எல்லாருக்கும் பிடித்துப்போய், காபி குடித்து முடித்து, "அப்ப சொல்லிருங்களேன்" என்று அவர் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். இவர் "நாளைக்குச் சொல்றேனுங்க" என்றிருக்கிறார். அவர் மனைவி என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அழுதார். மறுநாள் மனுஷன் பஸ் ஏறிக் குமாரபாளையம் போய், முதல் நாள் பையன் வீட்டுக்கு வந்த அதே மணிக்குப் பட்டறை வாசலில் நின்று, அவன் கூலிக்காரர்களிடம் எப்படிப் பேசுகிறான் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து சரி என்றார். அந்தப் பெண் நன்றாகத்தான் வாழ்ந்தாள். அதற்காக அந்த ஒரு நாள் அவள் அம்மா பட்ட பாட்டை நான் மறந்துவிட முடியாது.

ஏன் இப்படி என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். ஐஸ் பேக்டரியில் ஏதாவது பெரிய விபத்து நடந்திருக்கும், அதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லையாம்.

"காத்து கண்ணுக்குத் தெரியாதுங்க மேனேஜருங்க. அதான்" என்றார்.

ராசிபுரத்து விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் வைத்திருந்த ஒருவர். ஐம்பது வயதுக்காரர். மாசியில் நெஞ்சுவலி வந்து மெட்ராஸ் போய்க் காட்டிவிட்டு வந்தார். கோடைப் புழுக்கம் ஆகவே ஆகாது, குளிர்ந்த அறையில் படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். புது மெஷின் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். மெட்ராஸில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது ஏலத்துக்கு வந்த பழைய மெத்தில் மெஷினை எடுத்து லாரியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் அது ஓட வேண்டும் என்று மில்காரர் மனைவி என்னிடம் ஆள் மேல் ஆள் அனுப்பினார்.

மேஸ்திரி மூன்று நாளில் பூட்டினார். மோட்டாரும் வாயுவை அமுக்கும் இயந்திரமும் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில். குளிர் தரும் சுருள் குழாய் அறைக்குள், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில். நடுவில் சுவரைத் துளைத்துச் செப்புக் குழாய். குழாய்கள் சேரும் இடங்களில் ஏழு நட்டுகள், ஐந்து வெளியே, இரண்டு உள்ளே. நல்ல தேக்குக் கதவின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்துவிடச் சொன்னார்.

"குளுரு போயிருமேங்க" என்றார் அந்த அம்மா.

"இந்த கேஸ் கனமுங்கம்மா. கசிஞ்சா மேல போகாது, தரையோட தங்கும். அது போறதுக்கு ஒரு வழி வேணும்."

அறுத்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குச் சோடாக் காற்றை ஏற்றிக் கோடு போட்டுவிட்டு, பூந்திக்கொட்டை வாங்க ராசிபுரம் கடைவீதிக்குப் போனவர், பஸ் கிடைக்காமல் திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. நானும் அப்போதுதான் சேலத்திலிருந்து போய்ச் சேர்ந்தேன்.

அதற்குள் அந்த அம்மா மெஷினுக்குப் பூஜை போட்டிருந்தார். நம் ஊரில் ஒரு புது சைக்கிள் வந்தாலே பொட்டு வைக்காமல் ஏற மாட்டோமே. கணவன் உயிரைக் காக்க வந்த மெஷினுக்கு வைக்காமல் இருப்பாரா? மோட்டாருக்கு, சக்கரத்துக்கு, பிறகு பளபளவென்று கண்ணில் பட்ட ஏழு நட்டுகளுக்கும், நல்ல கெட்டிச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம். சந்தனம் நட்டைச் சுற்றி வழிந்து காய்ந்து போயிருந்தது.

மேஸ்திரி கொட்டகைக்குள் போனதும் வழக்கம்போல வெள்ளைத் துணியை எடுத்து முதல் நட்டைத் துடைத்துவிட்டார். துணி சிவந்தது. அந்த அம்மா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"நொரை போடணுங்கம்மா. நட்டு மேல எதுவும் இருக்கக் கூடாது."

"அவரு நெஞ்சு வலியில படுத்திருக்காரு. நான் வெச்ச குங்குமத்தை என்ற கண்ணு முன்னாலயே தொடைக்கறீங்களே சாமி."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். கணவன் படுக்கையில் இருக்கும் பெண்ணுக்குக் குங்குமம் அழிவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? வீட்டு வேலைக்காரி ஒருத்தி, "அவரு வேதக்காரரு, அவருக்கென்ன தெரியும்" என்று முணுமுணுத்தாள். மேஸ்திரி துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து, "வெளியே வாங்க மேஸ்திரி" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

கொட்டகைக்குப் பின்புறம் வைத்து அவர் என்னிடம் கேஜைக் காட்டினார். மணி இரண்டு. முள் சரியாகப் பென்சில் கோட்டின் மேல் நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்படியே நிக்குதே மேஸ்திரி. இன்னும் என்ன?"

"அதானுங்க கோளாறு. காலையில ஏழு மணிக்கு இருந்த வெயிலா இப்ப இருக்குது? வெயில் ஏறினா உள்ள இருக்கற காத்து பெருத்து, முள்ளும் ஏறணும். ஏறலைன்னா, ஏற வேண்டியது வெளியே போயிருச்சுன்னு அர்த்தம். ஏழுல ஒண்ணு கசியுதுங்க. எதுன்னு நொரை போட்டாத்தான் தெரியும்."

"அந்தம்மாகிட்ட இப்பப் போய் எப்படிச் சொல்றது?"

"நீங்க சொல்லுங்க. நான் சொன்னா மறுபடி தொடைக்க வந்த ஆளாத்தான் பாப்பாங்க. கசியுதுன்னு சொல்லுங்க. அவரு உசுருக்கு ஆகாதுன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்று அவரை பஸ் ஏற்றிவிட்டேன்.

உள்ளே போனேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெசினு நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார். "நல்லாருக்குதுங்கம்மா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அவர் அழுகையைத் திரும்பப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. முள் கோட்டில்தானே நிற்கிறது, இந்த மனுஷன் எதற்கும் நாளை கடத்துகிறவர்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கோழைத்தனம் என்றால் அதுதான். மறுநாள் வேறொரு கடையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போய் வாயுவை ஏற்றினேன். மெஷின் ஓடியது, அறை குளிர்ந்தது. சோதித்துப் பார்த்து ஒப்படைக்கப்பட்டது என்று கடைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மேஸ்திரி கேட்டார். "அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னாங்க. மெஷின் சும்மாத்தான் கிடக்கு."

எதையும் மறுநாள் பார்க்காமல் நம்பாத மனிதர், என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். நான்கு நாள் கடையின் மூலையில் உட்கார்ந்து மின்விசிறிகளைப் பிரித்து மாட்டினார். மூன்றாம் நாள் என் மேஜைப் பக்கம் வந்து, "ஒரு வழி தோணுதுங்க. என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க, நானே சொல்லிப் பாக்கறேன்" என்றார். "அடுத்த வாரம் போலாம்" என்றேன். என்ன வழி என்றுகூட நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் பகல் பதினோரு மணிக்கு மில்காரர் வீட்டு டிரைவர் கடைக்கு வந்தான். ஏதோ ஃபியூஸ் கம்பி வாங்க வந்தவன்.

"மெசினு எப்படி ஓடுது?" என்று என் உதவியாள் கேட்டான்.

"மொத ரெண்டு நாள் நெம்பக் குளுந்துச்சுங்க. இப்பச் சித்த கம்மிதான். ஐயாவுக்குத்தான் முடியலை. ரெண்டு நாளாத் தலைவலி, எந்திரிச்சா தள்ளாடறாரு. பாதி நேரம் தூங்கறாரு. நெஞ்சுக்கு எழுதிக் குடுத்த மாத்திரைதான் அப்படிப் பண்ணுதுன்னு டாக்டரு சொல்றாரு."

மூலையில் மேஸ்திரி எழுந்து நின்றார். டிரைவரைப் பார்த்து, "மெசினு ஓடுதா?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். புரிந்துகொள்ள முடியாமல் பார்த்தார்.

"காரு வெளிய நிக்குதா? எடுப்பா" என்று பையைத் தூக்கினார்.

மில்லுக்கு டிரங்கால் போட்டால் லைன் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குள் போய்விடலாம். நானும் ஏறிக்கொண்டேன். ராசிபுரம் போகும்வரை அவர் டிரைவரிடம் மட்டும் இரண்டு தடவை, "சித்த வேகமாப் போ சாமி" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செய்த முதல் வேலை மெயின் சுவிட்சை இறக்கியது. அறைக் கதவின் அடியில் அறுத்த இடைவெளியில் ஒரு போர்வையைச் சுருட்டி அடைத்திருந்தார்கள், குளிர் போகாமலிருக்க. அதைக் காலால் தள்ளினார். கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறந்தார். அந்த வாயு தீயும் பிடிக்கும் என்று, மூலையில் எரிந்த விளக்கை வெளியே எடுக்கச் சொன்னார். நானும் அவரும் டிரைவருமாக மில்காரரைக் கட்டிலோடு தூக்கி முன்வாசல் வேப்பமரத்தடியில் வைத்தோம். மில்காரர் கண்ணைத் திறந்து, யார் என்று தெரியாமல் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

டாக்டருக்கு ஆள் போனது. டாக்டர் வந்து நாடி பார்த்து, விஷயத்தைக் கேட்டு, முகம் மாறி, ஊசி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்து மில்காரர் தண்ணீர் கேட்டார். இன்னும் கொஞ்சம் கழித்து மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் மேஸ்திரி அறைக்குத் திரும்பிப் போனார்.

அந்த அம்மா வாசற்படியில் வந்து நின்றார். சுருள் குழாய் நட்டுகளில் சந்தனம் வெடித்துப்போய், குங்குமம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி துணியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"தொடைக்க வரலைங்கம்மா" என்றார். "அஞ்சு நாளா இதையேதான் யோசிச்சுட்டிருந்தேன். எங்க பக்கத்து ஊட்டு அம்மாகிட்டயும் கேட்டேன். குங்குமத்தைத் தொடைக்கத்தான் கூடாது. எடுத்து வெச்சுக்கலாமில்லீங்க? கோயில்ல எடுத்து வெச்சுக்கறீங்களே. உங்க கையாலயே எடுத்து, நெத்தியிலயும் தாலியிலயும் வெச்சுக்குங்க. அப்புறம் நான் நொரை போடறேன்."

அந்த அம்மா உள்ளே வந்து, மோதிர விரலால் முதல் நட்டின் குங்குமத்தைத் தொட்டு எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். அடுத்ததை எடுத்துத் தாலியில் வைத்தார். வெளியே கொட்டகைக்கும் போய் ஒவ்வொன்றாக எடுத்தார். மிச்சச் சந்தனத்தை அவரே ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார்.

மேஸ்திரி நுரை தடவினார். உள்ளே இருந்த இரண்டாவது நட்டில், கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் எதிரில், ஒரு குமிழி கிளம்பியது. கடுகளவு இருந்து மிளகளவாகி, சுண்டைக்காய் அளவாகி உடைந்தது. மறுபடி ஒன்று.

"இதுங்களா?" என்றார் அந்த அம்மா.

"இதுதானுங்க."

"அன்னைக்கே இது இருந்துச்சுங்களா? உங்களுக்குத் தெரியுமுங்களா? நான் தொடைக்க உடாததுனாலதானே அவருக்கு இப்படி ஆச்சு."

நான் அங்கேதான் நின்றேன். இரண்டடி தூரத்தில்.

"உங்க மேல தப்பே இல்லீங்கம்மா" என்றார் மேஸ்திரி. "கசியறது அன்னைக்கே எனக்குத் தெரியும். இன்னதுன்னு உங்ககிட்டச் சொல்லியிருந்தா, நீங்களே இப்படி எடுத்துக் குடுத்திருப்பீங்க. சொல்லாம பஸ்ஸேறிட்டேன். அது என் தப்பு."

அந்த அம்மா என் பக்கம் திரும்பிக் கை கூப்பி, "நீங்களாவது இவரைக் கூட்டியாந்தீங்களே, அந்தப் புண்ணியம் உங்களுக்கு" என்றார். அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

மேஸ்திரி குழாய்களில் மிஞ்சிய வாயுவை மெஷினின் தொட்டிக்குள் ஒதுக்கி, குழாய் நுனியை வெட்டிப் புதிதாக விரித்து, நட்டை முடுக்கினார். சோடாக் காற்றை ஏற்றி மறுநாள் அதே மணி வரும்வரை அந்த வீட்டை விட்டு நகரவில்லை. நானும் அங்கேயே தங்கினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அந்தம்மா தன்னாலதான்னு நெனச்சுட்டிருந்தாங்க. அந்த நெனப்பு நிக்கணுமில்லீங்களா?" என்றார். அவ்வளவுதான். முதலாளியிடமும் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் மறுநாள் ஒருமுறை மரியாதையாக வந்து கேட்பார், "நேத்துச் சொன்னீங்களே, அது அப்படித்தானுங்களா?" என்று. எனக்கு அது சரியான தண்டனை.

ஆறு வருஷம் கழித்து மேஸ்திரி காலமானார். நெஞ்சில் சளி கட்டி, பத்து நாள் படுக்கை. கல்லறைத் தோட்டத்தில் சாமியார் செபம் சொல்லி முடித்து, ஒவ்வொருவராக மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராசிபுரத்திலிருந்து மில்காரரும் மனைவியும் வந்திருந்தார்கள். மில்காரர் கைத்தடியை ஊன்றி நல்லபடியாக நின்றார். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"நெம்ப நல்ல மனுசனுங்க. எனக்கு ஒரே ஒரு கொறைதான். அன்னைக்கு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"சொன்னாருங்கம்மா" என்றேன். "எங்கிட்டச் சொன்னாரு. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லலை."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக்கொண்டு குழியின் பக்கம் போனார்.